வேலையை விட்டுவிடலாமா?

(தோட்ட மண்டபமொன்றில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரை)

 

விடியுமுன் எழுந்து பால்காட்டுக்குச் சென்று, வெயில் ஏறும்வரை உழைத்து, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு இங்கே வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகவே, உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேரடியாகப் பொருளுக்கு வந்துவிடுகின்றேன். நம்மில் பலர் உள்ளத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லத் தயங்குகின்ற ஒரு கேள்வி உண்டு. ‘இந்த வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா?’ என்பதே அக்கேள்வி. வேலையை விட நினைப்பவனை நிலையில்லாதவன் என்றும் நன்றி மறந்தவன் என்றும் ஏசிவிடுவது எளிது. அதற்காக நான் வரவில்லை. ‘போகாதீர்கள்’ என்று உங்களைத் தடுக்கவோ, ‘போய்விடுங்கள்’ என்று தூண்டவோ எனக்கு உரிமையும் இல்லை. மனிதன் ஏன் ஒரு வேலையை விட நினைக்கின்றான், அவ்வாறு நினைக்கும்போது எதை எதை எண்ணிப் பார்க்கவேண்டும், சட்டம் அவனுக்கு என்ன சொல்கின்றது என்பவற்றை மட்டுமே கூற விரும்புகின்றேன்.

தோட்டத்தை விட்டுப் போவது இன்று புதிதாகத் தோன்றிய பழக்கமன்று. ஊரை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள்தாமே நம் பாட்டன் பூட்டன்மார்! 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1969-ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்கே திரும்பிச் சென்றனர். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தோன்றிய பின்னர், மின்னணுத் தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து வாசல்வரை வந்து நம் பெண்மக்களை ஏற்றிச் சென்றன. 1980களின் இறுதிவரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் வகித்த இந்நாடு, இன்று கையுறைத் தொழிற்சாலைகளுக்காக வெளிநாட்டிலிருந்து ரப்பரை வாங்குகின்றது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. செம்பனையும் இல்லாத இடத்தில் வீடமைப்புத் திட்டம் நிற்கின்றது. ஆகவே, தொழிலாளி தோட்டத்தை விட்டான் என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. பல இடங்களில் தோட்டம்தான் தொழிலாளியை விட்டது.

சரி, ஏன் போகின்றீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘சம்பளம் போதவில்லை’ என்பதே. இதில் உண்மை இல்லாமலில்லை. பால் வெட்டும் தொழிலின் இயல்பு அப்படிப்பட்டது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். அதனால்தான் இருள் பிரியுமுன்னரே உளியோடு நிரைக்குச் செல்கின்றோம். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டிய பின் மழை பிடித்துக்கொண்டாலோ, மங்கில் விழவேண்டிய பால் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர் காலம் வந்தால் மரமே பால் தரத் தயங்கும். வானத்தையும் மரத்தையும் நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைத்திருக்கும் மனிதனுக்கு, மாதம் முடிந்தால் இன்ன தொகை கைக்கு வரும் என்று உறுதி கூறும் எந்த வேலையும் பெரிதாகத்தான் தோன்றும்.

ஆனால், இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மழைக்காக வேலையை விட நினைப்பவர்களிற் பலர், மழைக்கும் சட்டத்துக்கும் உள்ள தொடர்பை அறியாதவர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தோட்டத்தில் நாட்கணக்கில் சம்பளம் பெறும் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் முதலாளி வேலை கொடுக்கவேண்டும், கொடுக்க இயலாவிட்டால் அந்நாட்களுக்குரிய சம்பளத்தைத் தரவேண்டும் என்று விதிக்கின்றது. அன்றியும், 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐவருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து அது பொருந்தியது. எடைக்கணக்கில் சம்பளம் பெறுவோருக்கும் இவ்விதி உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கு முன், ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் வீட்டில் படிக்கின்ற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்; பிள்ளைக்கும் அது நல்ல பாடமே.

சம்பளத்துக்கு அடுத்தபடியாக வருவதை மக்கள் உரக்கச் சொல்வதில்லை. ஒரு தோட்டத்தில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால் வெட்டிய ஒரு பெரியவர், திடீரென வேலையை உதறிவிட்டு நகரத்தில் காவலர் வேலைக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் கூடவா என்று கேட்டேன். “இல்லை ஐயா, கொஞ்சம் குறைவுதான்” என்றார். பின் ஏன் என்றதற்கு, “என் பேரன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெரட்டுக் களத்தில் என்னை ‘வாடா, போடா’ என்றான் அந்தச் சின்னப் பையன்” என்றார். அந்தச் சின்னப் பையன் புதிதாக வந்த மண்டோர். பட்டையில் காயம் பட்டிருந்ததைக் கண்டிக்க அவருக்கு உரிமை உண்டு. தந்தை வயதுடையவரை எப்படிக் கண்டிப்பது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். நிருவாகத்தின் கணக்குப் புத்தகத்தில் இது ‘தொழிலாளி தாமாக விலகினார்’ என்று ஒரே வரியில் முடிந்துபோயிருக்கும்.

1959-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டறிந்து வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்குகின்றது. மனிதனுக்கு வேலையில் வெறுப்பை உண்டாக்குபவை வேறு, விருப்பை உண்டாக்குபவை வேறு என்பதே அவர் கண்ட முடிவு. சம்பளமும், மேலாளர் நடத்தும் விதமும், வேலையிடத்து வசதிகளும் குறைந்தால் மனம் கசக்கும். அவை நிறைந்துவிட்டாலும் கசப்பு நீங்குமே தவிர, ஈடுபாடு தானாக வந்துவிடாது. செய்த வேலையை ஒருவர் மதித்தார், நாம் ஒருபடி மேலே ஏறினோம் என்ற நிறைவு இருந்தால்தான் மனம் வேலையில் ஒட்டும். அவர் கேட்டறிந்தது எழுத்து வேலை செய்வோரையும் இயந்திரம் அறிந்தோரையும்தான். இருந்தாலும், பட்டையில் காயம் படாமல், மயிரிழை பிசகாமல் உளி ஓட்டத் தெரிந்த ஒரு தொழிலாளியிடம் கேட்டிருந்தாலும் இதே விடை கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். இருபது வயதில் வெட்டுக்கு வந்தவர் ஐம்பது வயதிலும் அதே நிரையில் நிற்கின்றார். அவருடைய கைத்திறன் வளர்ந்தது. அவருடைய பெயருக்கு முன்னால் எதுவும் வளரவில்லை.

‘அரசாங்க வேலை கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை’ என்று சிலர் கூறுவதைக் கேட்கின்றேன். மருத்துவமனையில் ஊழியராகவோ, பள்ளியில் தோட்டக்காரராகவோ நுழைந்துவிட்டால் வாழ்வு கரையேறிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. நானே ஆசிரியர் பயிற்சி பெற்று, கரும்பலகைக்கு முன் சில ஆண்டுகள் நின்று, பின்னர் இத்துறைக்கு வந்தவன். அரசாங்க வேலையின் நிழல் குளிர்ச்சியானதுதான், மறுக்கவில்லை. எனினும், அந்த நிழலிலிருந்தும் எழுந்து போகின்றவர்கள் இருக்கின்றார்கள். 2022-ஆம் ஆண்டில், ஆசிரியர்கள் பலர் ஓய்வு வயதுக்கு முன்னரே விருப்ப ஓய்வு கேட்கின்றார்கள் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதைக் காட்டிலும் பாரங்களை நிரப்புவதில் பொழுது போகின்றது என்பது அவர்கள் பலரின் மனக்குறை. கணவர் ஒரு மாநிலத்திலும் மனைவி ஒரு மாநிலத்திலுமாக மாற்றலுக்குக் காத்திருப்போரின் துயரமும் உண்டு. 2016-ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து இளம் மருத்துவர்கள் நிரந்தரமாக அன்றி ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டனர். நாளைக்கு என்ன ஆவோம் என்று தெரியாத அவர்களிற் சிலர் 2021-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்று தங்கள் குறையைச் சொன்னார்கள். பலர் பின்னர் தனியார் துறைக்கும் அயல்நாட்டுக்கும் சென்றனர். அவர்களுள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஓய்வூதியம் என்ற கயிறுதான் பலரைப் பொதுச் சேவையில் கட்டி வைத்திருந்தது. உரிய காலத்துக்கு முன் வேலையைத் துறந்தால் அது கைவிட்டுப் போகும் என்பதால், மனம் கசந்தவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தனர். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலிருந்து புதிதாகச் சேர்வோருக்கு ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஊழியர் சேமநிதியே உண்டு என்ற ஏற்பாடு வந்தது. எனவே, அந்தக் கயிறு இனி வருவோரைக் கட்டாது. பிள்ளையை அரசாங்க வேலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

இனி, நம்முடைய தோட்டத்து வேலைக்கே உரிய ஒரு முடிச்சுக்கு வருவோம். தொழிற்சாலைத் தொழிலாளி வேலையை விட்டால் வேலை மட்டுமே போகும். அரசாங்க ஊழியரிற் பெரும்பாலோருக்கும் அப்படியே. தோட்டத் தொழிலாளிக்கோ வேலையோடு வீடும் போகின்றது; வீட்டோடு வாசலில் நட்ட முருங்கை மரமும், கோயிலும், பக்கத்து வீட்டு அக்காளும், பிள்ளை நடந்து செல்லும் தமிழ்ப் பள்ளியும் போகின்றன. 1990-ஆம் ஆண்டு வீடமைப்பு வசதிச் சட்டம் தோட்டத்து வீட்டின் தரத்தை வகுத்ததே அன்றி, அந்த வீட்டை நமக்குச் சொந்தமாக்கவில்லை. இதனாலேயே, போக நினைத்தும் போகாதவர்கள் பலர். இதனாலேயே, இருக்க விரும்பியும் போனவர்கள் அவர்களினும் பலர்! பின்னது விந்தையாகத் தோன்றலாம். அறுபது வயதில் உளியைக் கீழே வைக்கும் நாளில் இந்தக் கூரையும் நம்முடையதன்று என்பதை உணர்ந்த தாயார் ஒருவர், “முதுகில் தெம்பு இருக்கும்போதே சொந்தமாக ஒரு வீடு வாங்கவேண்டும்; இங்கே இருந்துகொண்டு வாங்க முடியுமா?” என்று என்னிடம் கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்லக்கூடியவர் எவரையும் நான் கண்டதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே; பிடித்தங்களையும் இதில் சேர்க்கவில்லை. கணவனும் மனைவியும் தோட்டத்தில் ஆளுக்கு 1,700 வெள்ளி பெறுகின்றார்கள், மொத்தம் 3,400. வீட்டுக்கு வாடகை இல்லை. கணவனுக்கு நகரத்துத் தொழிற்சாலையில் மிகைநேரத்தோடு 2,300 வெள்ளி கிடைக்கின்றது. 600 வெள்ளி கூடிவிட்டதே என்று மகிழ்ந்து குடும்பத்தோடு கிளம்புகின்றார்கள். வாடகைக்கு 700, போக்குவரத்துக்கு 200, சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள 300. மனைவிக்கு வேலை கிடைக்காதவரை கையில் நிற்பது 1,100 வெள்ளிதான். அவருக்கும் 1,900 வெள்ளியில் வேலை கிடைத்தால் 3,000 ஆகும். தோட்டத்தில் இருந்ததைவிட அப்போதும் 400 குறைவே. திருமணமாகாத இளைஞருக்கு இக்கணக்கு வேறு. விடுதி வசதி தரும் தொழிற்சாலை கிடைத்து, இயந்திர வேலை ஒன்றையும் கற்றுக்கொண்டால் அவருக்கு ஆதாயமே. பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் வயதில் உள்ள குடும்பமும், பள்ளி அருகில் இருக்கிறதே என்பதற்காகவே அந்த 400 வெள்ளியை விட்டுக்கொடுக்கலாம். அது தவறன்று. தெரிந்து விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

ஜொகூர் மாநிலத்து இளைஞர்கள் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போவதைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கும்போது ஆசை வராமல் இருக்குமா? ஆனால், அனுமதிச் சீட்டில் அங்கே வேலை செய்யும் நம்மவருக்கு அந்நாட்டு மத்திய சேமநிதி கிடையாது. இங்கே முதலாளி செலுத்திவந்த பங்கும் நின்றுவிடும். தாமாகவே இங்குள்ள சேமநிதியில் செலுத்தாதவர், பத்தாண்டுகள் உழைத்தாலும் முதுமைக்கென ஒரு காசும் சேராமல் திரும்பக்கூடும். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கும் தம்பிமார்களுக்கும் முதலாளியின் பங்கு என்று ஒன்று கிடையாது. வண்டித் தேய்மானமும் எண்ணெய்ச் செலவும் அவர்களுடையவையே.

சேமநிதி என்றதும் நினைவுக்கு வருகின்றது. மாதம் 1,700 வெள்ளி பெறுபவரிடமிருந்து 11 விழுக்காடாக 187 வெள்ளி பிடிக்கப்படுகின்றது. முதலாளி 13 விழுக்காடாக 221 வெள்ளி போடுகின்றார். ஆக, 408 வெள்ளி மாதந்தோறும் உங்கள் பெயரில் சேர்கின்றது. வேலையை விட்டுவிட்டால் இப்பணம் முழுவதையும் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி விலகியவர்களை நான் அறிவேன். அது நடவாது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, புதிதாகச் சேரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகின்றது. அதே வேளையில், வேலை மாறினால் பழைய சேமநிதி அழிந்துவிடும் என்று அஞ்சுவதும் வேண்டாம். அது உங்களைத் தொடர்ந்து வரும்.

போவது என்று முடிவு செய்தவர்கள், இரவோடு இரவாகச் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு போகவேண்டாம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாதபோது, ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர் 6 வாரமும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவர் 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் போனால் அக்காலத்துச் சம்பளத்தை முதலாளிக்கு ஈடாகத் தரவேண்டியவர் நீங்களே. முதலாளி உங்களை நிறுத்தினாலும் இதே கணக்கு அவருக்கும் உண்டு. அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலைநாட்களுக்கு மேல் வராதிருந்தால், ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகக் கருதப்படவும் இடமுண்டு. முன்னறிவிப்பைத் தாளில் எழுதி, நகலில் கிராணியின் கையெழுத்தையும் நாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். இவ்வளவு தொலைவு நான் வந்ததற்கு இதுவே முதன்மையான காரணம். ‘தோட்டத்தை விற்கப் போகின்றார்களாம்’ என்ற பேச்சு பல இடங்களில் உலவுகின்றது. சில இடங்களில் அது உண்மை. சில இடங்களில் கடைத்தெருப் பேச்சு. இதைக் கேட்டுப் பயந்து, மற்றவர்களுக்கு முன் நாம் ஓர் இடம் தேடிக்கொள்வோம் என்று முந்திக்கொண்டு விலகல் கடிதம் கொடுப்போர் இருக்கின்றனர். 1980-ஆம் ஆண்டு வேலை நிறுத்த நன்மைகள் விதிகளின்படி, முதலாளி உங்களை ஆட்குறைப்புச் செய்தால், ஓராண்டு முதல் ஈராண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குக் குறைவானால் 15 நாள் சம்பளமும், ஐந்தாண்டும் அதற்கு மேலுமானால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளமும் தரவேண்டும். 18 ஆண்டுகள் வேலை செய்தவருக்கு 360 நாள் சம்பளம்! 1,700 வெள்ளிக்காரருக்கு இது சுமார் 20,000 வெள்ளியை எட்டும். தாமாக விலகியவருக்கோ இதில் ஒரு காசும் கிடையாது. ஒரே நிரையில் அடுத்தடுத்து நின்று வெட்டிய இருவரில், மூன்று மாதம் பொறுத்தவர் பணத்தோடும், பொறுக்காதவர் வெறுங்கையோடும் வெளியேறுவது உண்டு.

தோட்டம் கைமாறும்போதும் இதே விதிகள் பேசுகின்றன. புதிய உரிமையாளர், கைமாறிய ஏழு நாட்களுக்குள், முன்னிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வராவிட்டால், நன்மைத் தொகை உங்களுக்கு உரியது. அவர் அவ்வாறு முன்வந்தும் தக்க காரணமின்றி நீங்கள் மறுத்தால் அது கிடையாது. ஏற்றுக்கொண்டால் பழைய சேவை ஆண்டுகள் தொடரும். மேலும், 2018 முதல் நடப்பிலிருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்தின் கீழ், வேலை இழந்தவர் 60 நாட்களுக்குள் சொக்சோ அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வேலை தேடும் காலத்துக்கு உதவித் தொகை உண்டு. அங்கும் ‘வேலை இழந்தவர்’ என்றால், தாமாக விட்டவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே, எவரேனும் அச்சடித்த தாளொன்றை நீட்டி, ‘இதில் கையெழுத்திடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், அது விலகல் கடிதமா, ஆட்குறைப்புக் கடிதமா என்று கேளுங்கள். மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். நேரம் கேட்பது குற்றமன்று.

நிருவாகத்தினர் சிலரும் இங்கே அமர்ந்திருப்பதைக் காண்கின்றேன். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொழிலாளி விலகிய பிறகு ஆளில்லை என்று கவலைப்படுவதைவிட, விலகுமுன் ஏன் என்று கேட்பது செலவில்லாத வழி. தொழிலாளரும் வாயை மூடிக்கொண்டு போவதற்கு முன் வாயைத் திறந்து பேசலாம். 1954-ஆம் ஆண்டில் சிறுசிறு சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதே, தனி ஒருவர் சொன்னால் கேட்காத செவிக்குப் பலர் சேர்ந்து சொல்லவேண்டும் என்பதற்காகத்தான். அதற்கும் வழியில்லாத இடத்தில் தொழிலாளர் இலாகாவின் கதவு உண்டு. அங்கே புகார் செய்வதற்குக் கட்டணம் இல்லை.

சம்பளச் சீட்டையோ, வேலை ஒப்பந்தத்தையோ, புரியாத கடிதம் ஏதேனுமோ கொண்டு வந்திருப்பவர்கள் இப்போது மேசைக்கு அருகில் வரலாம். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கின்றேன். இலாகாவுக்கு எழுத வேண்டியவற்றை இங்கேயே எழுதியும் தருகின்றேன். வீட்டில் பால் குடிக்கும் குழந்தையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கு முதலிடம் கொடுங்கள்.